லோத்தோங் பாலத்தில் ஓர் எலுமிச்சம்பழம்

கிள்ளானில் லோரிகளுக்குக் கேன்வஸ் தைக்கும் கடை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஐந்தாம் படிவத்தோடு என் படிப்பு நின்றது. கடையின் முன்பக்கத்தில் சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுபவர், வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்வார். நான் பின்கட்டில் தையல் மெஷினோடு இருப்பேன். அது எனக்குப் பிடித்த இடம். நாலு பேர் நின்று பேசும் இடத்தில் எனக்கு வாய் வராது. கல்யாண வீட்டில்கூடப் பந்தி பரிமாறும் பக்கம் போய்விடுவேன். கையில் சாம்பார் வாளி இருந்தால் யாரும் நம்மை நிறுத்தி வைத்துப் பேச மாட்டார்கள்.

பூச்சோங்கில் எங்கள் ஃப்ளாட்டைத் தாண்டினால் சாலை இரண்டு குன்றுகளுக்கு நடுவே போகும். இடது பக்கம் பெரிய குன்று. அது அரசாங்கம் பாதுகாத்து வைத்திருக்கும் காடு. வலது பக்கம் சின்னக் குன்று. அதுவும் காடுதான், ஆனால் தனியார் நிலம், எந்தப் பாதுகாப்பும் கிடையாது. சாலை போடும்போது ஒரே குன்றைத்தான் இரண்டாக வெட்டினார்களாம். அது எனக்கு அப்போது தெரியாது. வேலைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளில் அதைக் கடப்பேன். மழை பெய்து ஓய்ந்த காலையில் அந்த ஓரிடத்தில் மட்டும் காற்று குளிர்ந்திருக்கும். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொள்வேன். அந்தக் காட்டுக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

தினமும் ஏழரை மணிக்கு அங்கே ஒரு பள்ளி வேன் ஓரமாக நின்றிருக்கும். உள்ளே பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு, மரங்களைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். எந்தப் பிள்ளை வந்தது, எது வரவில்லை என்று குறித்து வைக்கிறார் போல என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் எனக்கு முன்னால் போன கார் திடீரென்று வளைந்தது, நேரானது, வேகமாகப் போய்விட்டது. சாலை நடுவில் கறுப்பாக ஒன்று கிடந்தது. வேனிலிருந்து அந்தப் பெண் இறங்கி ஓடி வந்தார்.

“அண்ணே, பின்னால வர்ற காடிய கொஞ்சம் நிறுத்துங்க.”

ஹெல்மெட்டைக் கழற்றாமல் சாலை நடுவில் போய்க் கையைக் காட்டி நின்றேன். ஹெல்மெட்டுக்குள் இருக்கும்போது எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு. முகம் தெரியாது பாருங்கள். அவர் தன் மழைக்கோட்டை விரித்து, கிடந்ததை அதில் ஏந்தி எடுத்து ஓரத்துக்குக் கொண்டுபோனார். குரங்கு என்று நினைத்திருந்தேன். நாம் வழக்கமாகப் பார்க்கும் குரங்கு இல்லை. சாம்பல் கறுப்பு உடம்பு, நீளமான வால், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி ஒரு முகம்.

“லோத்தோங்,” என்றார். “இலை திங்கிற குரங்கு. யாரு வீட்டுக்குள்ளயும் வராது, எதையும் பிடுங்காது. இந்த ரோட்ட தாண்டணும், அதுக்கு வேண்டியது அவ்வளவுதான்.”

மேலே பார்த்தேன். சின்னக் குன்றின் மரங்களில் மற்றவை உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் சத்தம் போடவில்லை. அதில் ஒரு தாயின் மார்பில் குட்டி ஒன்று இருந்தது. பழுத்த பப்பாளியின் நிறம். அப்படி ஒரு நிறத்தில் ஓர் உயிர் நான் வேலைக்குப் போகும் வழியில் இத்தனை வருடமாக இருந்திருக்கிறது. நான் பார்த்ததே இல்லை.

அவர் வேனுக்குப் போய் நோட்டை எடுத்து எழுதினார்.

“பதினொண்ணு இருந்துச்சு. இப்ப பத்து,” என்றார்.

எங்கள் பகுதியில் எல்லாரும் அவரை வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்று இன்றுவரை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட பிறகு ஒரு மணி நேரம் அந்த ஓரத்தில் நின்று லோத்தோங்குகளை எண்ணுவது மூன்று வருடமாக அவர் வழக்கம். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போயின, எத்தனை போயின, எந்த மரத்தில் தளிர் தின்றன என்று பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டில் எழுதுவார். மழை என்றால் மழை என்று எழுதுவார். வராவிட்டால் வரவில்லை என்று எழுதுவார். கூட்டத்துக்குத் தலைவன் போல ஒன்று இருந்தது. அதன் வால் நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கும். அதை அவர் “கொக்கிக்காரர்” என்று மரியாதையோடுதான் சொல்வார்.

எதற்கு இந்த வேலை என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். சின்னக் குன்றின் அடியில் ஒரு பெயர்ப்பலகை நட்டிருந்தார்கள். அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றன. அதைக் கட்டப்போகும் கம்பெனியின் அறிக்கையில், அங்கே சொல்லிக்கொள்ளும்படியான விலங்குகள் எதுவும் வாழவில்லை என்று எழுதியிருந்ததாம். குடியிருப்பாளர்கள் சேர்ந்து ஆட்சேபம் கொடுத்திருந்தார்கள். தீபாவளிக்குப் பிறகு ஷா ஆலத்தில் கருத்துக் கேட்கும் கூட்டம். இரண்டு குன்றும் இந்த லோத்தோங் கூட்டத்துக்கு ஒரே வீடு என்று அதற்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சின்னக் குன்று வெறும் காலி நிலம்.

“நோட்டுல இருக்கே அக்கா,” என்றேன்.

“வேன் ஓட்டுறவ நோட்டு, அண்ணே. யாரு நம்புவா?”

பல்கலைக்கழகத்தில் இந்தக் குரங்குகளைப் பற்றிப் படிக்கும் ஒரு பெண் அவருக்கு ஒரு வழி சொல்லியிருந்தார். சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டலாம். பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்புப் படையினர், கழித்துப் போட்ட குழாய்களைப் பின்னிக் கட்டினால் வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும். பக்கத்தில் ஒரு கேமரா வைத்தால் கடப்பதெல்லாம் படமாகப் பதிவாகும். நகராண்மைக் கழகத்தில் அனுமதிக்கு வேன் அக்கா எத்தனை முறை நடந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் அவர் வேனின் பின்னிருக்கைகளை எல்லாம் மடக்கி, குழாய்ச் சுருள்களை அடுக்கிக்கொண்டு எங்கள் கடை வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, இத தைக்க இந்த வட்டாரத்துல வேற ஆளு இல்ல.”

தவுக்கே குழாயைத் தூக்கிப் பார்த்து மலாயில் கேட்டார், யாருக்கு என்று. குரங்குக்கு என்றேன். அவர் என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி, தை. ஆனா குரங்கு குறை சொல்லிக்கிட்டு வந்துச்சுன்னா நீதான் முன்னால வந்து பேசணும். நான் பேச மாட்டேன்.”

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் முன்னால் வந்து பேசுவது என்பதே எங்கள் கடையில் பெரிய பகடி.

மெஷின் ஊசி இரண்டு உடைந்தது. பிறகு கையால்தான் தைத்தேன். உள்ளங்கையில் தோல் பட்டை கட்டிக்கொண்டு, கோணூசியை அதால் தள்ளி, மெழுகு தடவிய நைலான் நூலால் ஒவ்வொரு குறுக்குப் படியையும் நான்கு முறை கோத்து இழுத்தேன். வேலை முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம், மூன்று வாரம். லோரிக் கேன்வஸ் கிழிந்தால் சரக்கு நனையும். இது கிழிந்தால் தாயும் பப்பாளிக் குட்டியும் தார்ச்சாலையில் விழும். அதை நினைத்து நினைத்துத்தான் இழுத்துக் கட்டினேன்.

ஒரு சனிக்கிழமை தூக்கு வண்டி வந்து, சாலையின் இரண்டு பக்கமும் நட்ட இரும்புத் தூண்களுக்கு இடையே பாலத்தை ஏற்றி, பக்கத்தில் கேமராவும் பொருத்தினார்கள். வேன் அக்கா கீழே நின்று கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாலைக்கு அந்தப் பக்கம், ஹெல்மெட்டோடு நின்றிருந்தேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. புதுக் கேன்வஸ் ஏறிய லோரி முதல் தடவை கிளம்பும்போது, முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, கேன்வஸின் முன்விளிம்பில் மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்புவேன். லோரி யாருடையதாக இருந்தாலும், தமிழரோ சீனரோ, வேண்டாம் என்று சொன்னவர் கிடையாது. என் கையால் தைத்தது ஒன்று பொட்டு இல்லாமல் வெளியே போனதில்லை. அந்தப் பாலத்துக்கு மட்டும் யாரும் ஒன்றும் வைக்கவில்லை. அது எனக்கு உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே போய், பெரிய குன்றுப் பக்கத்துத் தூணில் மூன்று விரலால் விபூதி பூசி, பொட்டு வைத்து, ஒரு முழம் சம்பங்கியைச் சுற்றி, மஞ்சள் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்றை அடியில் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை. மனசு நிறைந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போனபோது, என் பூ வாடியிருந்தது. அதற்கு மேல் யாரோ புதுப் பூ சுற்றியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு சிவப்புத் துணி. அடுத்த வாரம் கண்ணாடி போட்ட சாமி படம். அதற்கடுத்து இரண்டடி உயரத்தில் ஒரு சூலம், அதன் நுனியில் இன்னோர் எலுமிச்சம்பழம். பாலத்தை ஒட்டிச் சாலை வளையும் இடத்தில் முன்பு சில விபத்துகள் நடந்திருந்ததால், சாலையைக் காக்கும் சாமியை யாரோ பெரியவர்கள் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். லோரிக்காரர்கள் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நாலு நம்பர் லாட்டரி எடுக்கும் அங்கிள் ஒருவர் தூணில் கற்பூரப் புகை படிந்த இடத்தில் எண்கள் தெரிகிறதா என்று கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கு விழுந்தும் விட்டது என்றார்கள். பிறகு கேட்கவா வேண்டும். தேங்காய், பொங்கல், சீப்புச் சீப்பாக வாழைப்பழம்.

வாழைப்பழத்துக்கு மற்றக் குரங்குகள் வந்தன. நாம் எங்கும் பார்க்கும், கையிலிருப்பதைப் பிடுங்கும் குரங்குகள். முதலில் நாலைந்து, பிறகு ஒரு பட்டாளம். அவை காரின் மேல் ஏறின. தூணிலேயே குடியிருந்தன. பாலத்தின் பக்கம் எந்த லோத்தோங் வந்தாலும் பல்லைக் காட்டித் துரத்தின. கொக்கிக்காரர் தன் கூட்டத்தை அழைத்துக்கொண்டு மரங்களுக்குள் உள்ளே போய்விட்டார். தாண்ட வேண்டிய அவசரத்தில் அவை பாலத்தை விட்டுக் கீழே, வளைவுக்கு அப்பால், இன்னும் மோசமான இடத்தில் இறங்கத் தொடங்கின.

வேன் அக்கா நோட்டைக் காட்டினார். பக்கம் பக்கமாக “வரவில்லை”.

“கேமராவுல என்ன இருக்கு தெரியுமா அண்ணே? எல்லாம் வாழைப்பழம் திங்கிற மூஞ்சிதான். இத கொண்டுபோய் ஷா ஆலத்துல போட்டா, அவங்களே சொல்லுவாங்க, ‘பார்த்தீங்களா, தொல்லை பிடிச்ச குரங்கு, காட்ட வெட்டிடலாம்’னு. எவன் இத ஆரம்பிச்சு வெச்சான்னு தெரியல. கையில மாட்டுனான்னா, அவனுக்கே நான் எலுமிச்சம்பழம் வெட்டுவேன்.”

நான் ஹெல்மெட்டுக்குள் பேசாமல் இருந்தேன். அன்று மட்டுமில்லை, இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன். தீபாவளிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

ஒரு மாலை, கிழிந்த இருக்கை உறையைத் தைக்க அவர் கடைக்கு வந்தார். பின்கட்டில் வேறு யாரும் இல்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னேன்.

“அக்கா, அந்தத் தூணுல முதல் பொட்டு நான் வெச்சது.”

லோரிப் பழக்கத்தைச் சொன்னேன். பாலம் பொட்டில்லாமல் தொங்கியது உறுத்தியதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சின்னப் பிள்ளைத்தனமாகத் தெரிந்தது. கத்துவார் என்று காத்திருந்தேன். பெரிய மூச்சு ஒன்று விட்டார்.

“லோரிக்கு வெச்சீங்க, லோரி ஓடிரும் லா. எங்க வெச்சீங்கன்னு யாரும் தேடி வர முடியாது. இது அங்கேயே நிக்குது அண்ணே. நின்னுக்கிட்டு இருக்கிறதுக்குப் பொட்டு வெச்சா நம்ம ஆளுங்க விடுவாங்களா?”

சிரித்தார் என்று சொல்ல முடியாது. வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

“குழாய தைச்சதும் நீங்கதான். அதனால திட்டவும் முடியல. ஆனா வெச்சவருதான் எடுக்கணும். நான் எடுத்தா சாமியத் தூக்கிப் போட்டவன்னு பிள்ளைங்கள வேனுல ஏத்த மாட்டாங்க.”

அவர் குடியிருப்பாளர்கள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஃப்ளாட்டுக்குப் பின்னால், பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில் ஒன்று இருக்கிறது. அதன் பூசாரி பகலில் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அவரிடம் போய் நின்றேன். அவர் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எந்தச் சாமியையாவது கூப்பிட்டு உக்கார வெச்சீங்களா? மந்திரம், கும்பம், ஏதாச்சும்?”

“இல்லண்ணே. கற்பூரம் மட்டும்தான்.”

“அப்ப அங்க இருக்கிறது ஆளுங்களோட பயம்தான். அத நம்ம கோயிலுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குளித்து, வேட்டி கட்டி, மோட்டார் சைக்கிளில் வந்தார். அங்கே நின்றிருந்தவர்களிடம் சத்தமே இல்லாமல், இங்கே சாமி ரோட்டில் நிற்க வேண்டாம், கோயிலில் உட்காரட்டும் என்றார். சூலத்தையும் படத்தையும் மஞ்சள் துணியில் சுற்றி, தண்ணீர் தெளித்து, தூணைக் கழுவி விட்டார். நாலு நம்பர் அங்கிள் மட்டும் கேட்டார்.

“நம்பர் அங்கயும் வருமா?”

“வந்து கோயில கூட்டிக் குடுங்க, பார்ப்போம்,” என்றார் பூசாரி.

சூலம் போனாலும் வாழைப்பழம் நிற்கவில்லை. வேண்டிக்கொண்டவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அதனால் நான் தினமும் ஆறே முக்கால் மணிக்கு அங்கே போய் நின்றேன். வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும். சொல்லத்தான் எனக்கு வராது. முதல் நாள் ஓர் அம்மா காரை நிறுத்தி, தட்டோடு இறங்கினார். நான் அருகில் போனதும் பின்னால் நகர்ந்துவிட்டார்.

“யாருங்க நீங்க? ஹெல்மெட்ட கழட்டிட்டுப் பேசுங்க. திருடன் மாதிரி வந்து நிக்கிறீங்க.”

கழற்றினேன். காலைக் காற்று முகத்தில் பட்டது. என்ன சொல்ல வேண்டும் என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

“அம்மா, இந்தப் பாலம் நான் தைச்சது,” என்றேன். “மேல பாருங்க.”

அவர் பார்த்தார். இத்தனை நாள் தூணின் அடியைத்தான் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார். மேலே பாலம் இருப்பதே தெரியாது. யாருக்காக அது, ஏன் பழம் வைக்கக் கூடாது என்று உளறிக் கொட்டினேன். கேட்டுவிட்டு, தட்டைக் கார் இருக்கையில் திரும்ப வைத்தார்.

“முன்னாடியே ஒரு போர்டு வெச்சிருக்கலாம் இல்ல?” என்றார். சாமி கும்பிட வந்தவர் என்னைத் திட்டிவிட்டு, போகும்போது ஒரு சீப்புப் பழத்தை என் கையில் கொடுத்து, “நீங்களாச்சும் சாப்பிடுங்க, காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க,” என்று சொல்லிப் போனார்.

அந்த மாதம் நான் தின்ற வாழைப்பழத்துக்கு அளவில்லை. கடைக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுத்தேன். குரங்கு கடையில் வேலை செய்கிறது என்று தவுக்கே வருகிறவர்களிடம் அறிமுகம் செய்தார்.

பழம் நின்றதும் மற்றக் குரங்குகள் ஒவ்வொன்றாக வேறு இடம் பார்த்துப் போயின. லோத்தோங்குகள் உடனே வரவில்லை. வேன் அக்கா ஏழரைக்கு வருவார், எதையும் கேட்க மாட்டார், ஃப்ளாஸ்க்கிலிருந்து ஒரு கோப்பை மைலோ ஊற்றி நீட்டுவார். அவர் எண்ணுவதை அப்போதுதான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இலை அசைவதை வைத்தே, காற்றா குரங்கா என்று சொல்லிவிடுவார். அணில் என்றால் நோட்டைத் திறக்க மாட்டார். ஒரு மணி நேரம் ஒன்றும் வராவிட்டாலும் அலுப்பு தெரியாது. கடைசியில் ஒரே சொல்லை, அதே அழகான கையெழுத்தில், எழுதிவிட்டு வண்டியை எடுப்பார். என் தையல் ஒரே சீராக இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்த நோட்டைப் பார்த்த பிறகு அது குறைந்தது.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, மழை விட்டிருந்த ஒரு காலை, கொக்கிக்காரர் வந்தார். சின்னக் குன்றுப் பக்கத்துத் தூணுக்கு மேல் உட்கார்ந்து, முதல் படியைக் கையால் இழுத்துப் பார்த்தார். என் தையலை இழுத்துப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் லோரி டிரைவர்கள் கேன்வஸை வாங்கும்போது அப்படித்தான் மூலையைச் சுண்டிப் பார்ப்பார்கள். பிறகு இறங்கினார். வால் இரண்டு பக்கமும் ஆட ஆட, நடுச்சாலைக்கு மேலே ஒரு கணம் நின்று, கீழே போகும் எண்ணெய் லோரியைப் பார்த்தார். போய்ச் சேர்ந்தார். பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் தாய். குட்டியின் நிறம் அதற்குள் பாதி சாம்பலாகியிருந்தது.

“பத்து,” என்றார் வேன் அக்கா. பிறகு நோட்டை மூடிவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஷா ஆலம் கூட்டத்துக்கு முன்பு லோத்தோங்குகள் பதினாறு முறை கேமராவில் விழுந்தன.

ஷா ஆலத்தில் அந்த அறையில் குளிர் அதிகம். நான் கடைசி வரிசையில் கதவு ஓரமாக உட்கார்ந்தேன். வேன் அக்கா தீபாவளிப் புடவை கட்டி வந்திருந்தார். மூன்று வருட நோட்டுகளை ஒரு மார்க்கெட் கூடையில் போட்டுக் கொண்டுவந்து மேசை மேல் அடுக்கினார். மலாயில் பேசினார். பெரிய மலாய் இல்லை, பாசாரில் மீன் வாங்கும் மலாய்தான். ஆனால் எந்த மாதத்தில் எந்த மரம் தளிர்க்கும், அதற்காக லோத்தோங்குகள் எப்போது சின்னக் குன்றுக்கு வருகின்றன, எப்போது திரும்புகின்றன என்று நோட்டைப் பார்க்காமலேயே சொன்னார். பல்கலைக்கழகப் பெண் படங்களைக் காட்டினார். அதிகாரிகள் குனிந்து நோட்டுகளைப் புரட்டினார்கள். ஒருவர் மழை நாள் பக்கத்தைப் பக்கத்திலிருந்தவருக்குக் காட்டிப் புன்னகைத்தார்.

பிறகு கம்பெனி சார்பில் வந்தவர் வேறு படங்களைக் காட்டினார். தூண், சிவப்புத் துணி, வாழைப்பழக் குவியல், கார் மேல் குரங்குகள். அங்கே விலங்கு இருந்தால் அது குடியிருப்பாளர்களே தீனி போட்டு வரவழைத்தது, காட்டில் வாழ்வது அல்ல என்றார். அந்தக் கோயிலை வைத்தது யார், அது திரும்ப வராது என்று யார் உறுதி சொல்வது என்று தலைமை அதிகாரி கேட்டார்.

வேன் அக்கா நின்றுகொண்டிருந்தார். அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும், எல்லார் கண்ணும் என் மேல் விழுந்திருக்கும். அவர் திரும்பவில்லை. எடுத்தாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். யார் வைத்தது என்று மறுபடியும் கேட்டார்கள். அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வருடம் அந்த மேசை மேல் இருந்தது.

எழுந்தேன். நாற்காலி சத்தம் போட்டது.

“சாயா,” என்றேன். நான் என்று அதற்கு அர்த்தம். லோரிக்குப் பொட்டு வைப்பதைச் சொன்னேன். பழத்துக்கு வந்தவை வேறு குரங்குகள், பழம் நின்றதும் போய்விட்டன, லோத்தோங் பழத்துக்கு வரவில்லை, பழம் இருந்தவரை அது வரவே இல்லை, தேதி எல்லாம் அக்காவின் நோட்டில் இருக்கிறது என்றேன். தினமும் காலையில் நான் அங்கே நிற்கிறேன், இனியும் நிற்பேன் என்றேன். உட்கார்ந்தேன். தலைமை அதிகாரி நோட்டில் அந்த வாரங்களைத் தேடி எடுத்து, “வரவில்லை, வரவில்லை” என்று எழுதியிருந்த பக்கங்களைக் கேமரா படத்தின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒப்பிடக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

பதில் வர மாதங்கள் ஆயின. சின்னக் குன்றில் அந்தத் திட்டத்துக்கு இப்போதைக்கு அனுமதி இல்லை, விலங்குகளின் வழியை முறையாக ஆராய்ந்த பிறகுதான் எதையும் யோசிக்க முடியும் என்று கடிதம் சொன்னது. எப்போதைக்குமான பதில் இல்லை. வேன் அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“அப்ப இன்னும் நாலு நோட்டு வாங்கணும்,” என்றார்.

அவரை எதற்காக வியக்கிறேன் என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள். பேசியதற்காகவா என்றாள். திரும்பிப் பார்க்காமல் இருந்ததற்காக என்றேன். அவளுக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பெயர்ப்பலகை இன்னும் சின்னக் குன்றின் அடியில் நிற்கிறது. அதன் மேல் ஒரு காட்டுக்கொடி படர்ந்துவிட்டது. போன மாதம் பாலத்தின் இரண்டு படிகளில் நூல் தேய்ந்திருக்கிறது என்று பல்கலைக்கழகப் பெண் சொன்னார். தூக்கு வண்டியில் என்னை ஏற்றினார்கள். அவ்வளவு உயரத்தில் இருந்து அந்தச் சாலையை நான் பார்த்ததில்லை. இரண்டு குன்றும் ஒன்றுபோல இருந்தன. என் தையலின் இடுக்கில், மெழுகில் ஒட்டிக்கொண்டு, சின்ன முடி ஒன்று இருந்தது. பப்பாளி நிறம். புதிதாக ஒன்று பிறந்திருக்கிறது போல. அதை எடுக்காமல், சுற்றித் தைத்தேன்.

கீழே வேன் அக்கா அண்ணாந்து நின்றிருந்தார்.

“முடிஞ்சிருச்சா அண்ணே?”

“முடிஞ்சிருச்சு அக்கா.”

“சட்டைப் பையில எலுமிச்சம்பழம் ஏதாச்சும் இருந்தா என்கிட்ட குடுத்துட்டு இறங்குங்க,” என்றார். “ஜூஸ் போட்டுக் குடிச்சிக்கலாம்.”

தூக்கு வண்டி ஓட்டுபவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவரும் சிரித்தார்.